கொட்டகை ஆணியில் பதினொரு கயிறு

எங்கள் வீட்டில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வர வேண்டும். பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்த பிறகுதான் மாடு வாசலைத் தாண்டும். கயிறு போனால் பட்டி பெருகாது என்று அப்பத்தா சொல்வார்.

2017 பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு அன்று, அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். ஈரோடு மாவட்டத்தில் கோபிக்கும் நம்பியூருக்கும் நடுவில், வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற சின்னத் தோட்டம் எங்களுடையது. கொட்டகையின் விட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய ஆணி உண்டு. அதில் பழைய கயிறுகள் கொத்தாகத் தொங்கின. சுவரை அடிக்க வேண்டுமே என்று இறக்கிக் கீழே போட்டேன். மூன்று கயிறு தடிமனாக இருந்தது, பெரிய மாட்டுக் கயிறு. மற்றதெல்லாம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. கன்றுக்குட்டிக் கயிறு. அதை மட்டும் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

"இதையெல்லாம் எதுக்கும்மா வெச்சிருக்கறே?"

வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்பு கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள். "காளைக்கன்னுகளோடது கண்ணு. விக்கறப்ப அவுத்து வெச்சது. தூக்கிப் போட மனசு வரலே."

நான் அந்த வீட்டில் பத்து வயதிலிருந்து பால் கணக்கு எழுதியவள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டியில் ஊற்றிய லிட்டரை அட்டையில் குறித்துத் தருவார்கள். அதை நீளநோட்டில் ஏற்றி, பட்டுவாடா வரும்போது ஒத்துப் பார்ப்பது என் வேலை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சினை ஊசிக்குக் கொடுத்தது எல்லாம் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் எப்போதாவது ஒரு வரி வரும்: "காளைக்கன்று 1. ரூ. 250." அந்த வரியை என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். எத்தனை தடவை எழுதினாய் என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு, மூன்று என்று சொல்லியிருப்பேன். என் நினைவில் அவ்வளவுதான் இருந்தது.

இன்றைக்கு நான் பால், தயிர், மோர், நெய், முட்டை, கறி, மீன், தேன் எதுவும் சாப்பிடுவதில்லை. இதற்குத் தமிழில் நனிசைவம் என்று சொல்கிறார்கள். எதனால் இப்படி ஆனாய் என்று கேட்கிறவர்களிடம் உடம்புக்கு நல்லது, பூமிக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் என்னை மாற்றியது அந்த ஆணிதான். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா காலத்தில் காளைக்கன்று பிறந்தால் வீட்டில் சந்தோஷம். காங்கேயம் மாடுகள். கன்று இரண்டு மூன்று வருடத்தில் ஏர் பிடிக்கும், வண்டி இழுக்கும், கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும். காளைதான் விவசாயத்துக்கு எஞ்சின். பசு கொஞ்சம்தான் கறக்கும். கன்று குடித்தது போக மிச்சம் வீட்டுக்கு. மோர்ப் பானை நிறைந்தால் அன்றைக்குப் பக்கத்துச் சாளை வீட்டுக்கும் ஒரு சொம்பு போகும். அப்பாருவுக்குப் பால் என்பது விற்கிற பொருளே இல்லை.

பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது, கவலை நின்றது. டிராக்டர் வந்தது, ஏர் நின்றது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தபோது, சொசைட்டியும் ஜெர்சி கலப்பு மாடும் சினை ஊசியும் சேர்ந்தே வந்தன. ஜெர்சி கலப்பில் பிறக்கும் காளைக்கன்றுக்குத் திமில் எழும்பாது. நுகத்தடி கழுத்தில் நிற்காது. எங்கள் சித்திரை வெயிலில் வாயில் நுரை தள்ளிவிடும். உழவுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. ஆனால் அது பிறந்தே ஆக வேண்டும். ஏனென்றால் கன்று போடாமல் மாடு கறக்காது.

இதை நகரத்தில் பலரிடம் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என்னோடு லேப்பில் வேலை பார்க்கும் பெண், பி.எஸ்சி. படித்தவள், "மாடுன்னா எப்பவும் பால் குடுத்துட்டே இருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பாக்கெட்டில் கன்றுக்குட்டி தெரிவதில்லை. மாட்டுக்கும் நம்மைப் போலவே ஒன்பது மாதக் கணக்கு, ஏறக்குறைய 280 நாள். ஈன்ற பிறகு பத்து மாதம் கறக்கும். அதற்குள் மறுபடி ஊசி போட்டுச் சினை பிடிக்க வைத்தால்தான் வருமானம் அறுபடாது. பிறப்பதில் பாதி காளை. 1998-லிருந்து உலகத்திலேயே அதிகம் பால் கறக்கும் நாடு நம்முடையது. அத்தனை பாலுக்குப் பின்னால் எத்தனை கன்று பிறந்திருக்கும், அதில் பாதி எங்கே என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தெருவில், சந்தையில், தோட்டத்தில் எங்காவது வளர்ந்த ஜெர்சிக் காளையைப் பார்த்திருக்கிறீர்களா?

பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரி ஊசி இப்போது வந்துவிட்டது என்று சொல்வார்கள். வந்திருக்கிறது. ஆனால் கறவை வற்றிய மாட்டுக்கு என்ன செய்வது என்பதற்கு ஊசி இல்லை. ஆணியில் இருந்த அந்த மூன்று தடிமனான கயிறு அதைத்தான் சொல்கிறது.

சுண்ணாம்பு அடித்து முடித்து மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன். "எங்கம்மா போச்சு அதெல்லாம்?"

"வண்டிக்காரரு கொண்டு போனாரு."

"கொண்டுபோயி?"

அம்மா என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சு என்ன பண்றது கண்ணு? அதுக்கும் பாலு விட்டு, தீனி போட்டு வளத்தியிருந்தா உன்ற காலேஜு ஃபீசு எங்கிருந்து வந்திருக்கும்?"

வண்டி பொள்ளாச்சிப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும், அது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்துவிடும். கன்றை இழுத்துப் போன அன்றைக்குத் தாய் மாடு இராத்திரியெல்லாம் கத்தும். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிடும். "ரெண்டு நாளைக்குக் கத்தும், அப்பறம் மறந்துரும்" என்பார்கள். நானும் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா சொன்னது முழுக்க நியாயம். என் லேப் டெக்னீசியன் (டி.எம்.எல்.டி.) படிப்புக்கு இரண்டு வருட ஃபீஸ் அந்தப் பாலில் வந்தது. அப்பா இறந்த பிறகு எங்களை நிமிர்த்தியதே இரண்டு மாடுதான். பால் மாடு வைத்துப் பிழைக்கிற எந்தப் பெண்ணைப் பற்றியும் என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. அதே மாதிரி, கடைசியில் கத்தியைப் பிடிக்கிறவரை மட்டும் பாவி என்று பேசுகிற குரலோடும் எனக்கு ஒட்டாது. கன்றை விற்றது நாங்கள். விற்ற கையால் மாட்டுக்குப் பொட்டு வைத்துப் பட்டிப் பொங்கல் கும்பிட்டதும் நாங்கள்தான். பாலைக் குடித்தது ஊர் முழுக்க. கறி வெட்டுகிறவர் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். கடைசியில் நிற்பதால் மட்டும் பழி அவருடையது ஆகிவிடாது.

அந்தப் பொங்கல் முடிந்த வாரம்தான் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்தது. கோயம்புத்தூர் வ.உ.சி. மைதானத்துக்கு நானும் டியூட்டி முடித்து இரண்டு நாள் போனேன். காளையைக் காப்பாற்ற வேண்டும் என்று ராத்திரி பகலாக இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம் பற்றி எனக்கு இப்போது பேச வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து, எல்லோருக்கும் கொடுத்த டீயைக் கையில் வாங்கியபோது என்னால் குடிக்க முடியவில்லை. பதினொரு காளையின் கயிறு எங்கள் வீட்டு ஆணியில் இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஓடியது.

ஆனாலும் உடனே விடவில்லை. எட்டு மாதம் ஆனது. டீ இல்லாமல் காலை விடியாத குடும்பம் எங்களுடையது. தயிர் இல்லாமல் என் கடைசிப் பிடிச் சோறு இறங்கியதே இல்லை. அந்த வருடம் புரட்டாசி பிறந்தபோது எப்போதும் போல வீட்டில் கறி, முட்டையை நிறுத்தினோம். அப்போதுதான் தோன்றியது. முப்பது நாள் கறி இல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியும். அப்பத்தா, அம்மா, அத்தை எல்லோரும் வருடா வருடம் செய்கிறார்கள், யாரும் அதைப் பெரிய தியாகமாகப் பேசுவதில்லை. அதே முப்பது நாளில் பாலையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தால் என்ன? பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, செப்டம்பர் 17-ஆம் தேதி காலை முதல் வரக்காப்பி போட்டேன். கருப்பட்டி போட்டு.

முதல் பத்து நாள் தலைவலி, எரிச்சல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டீக்கடையைத் தாண்டும்போது அந்த வாசனைக்குக் கண்ணீர் முட்டியது. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு சாதாரணமாகிவிட்டது. புரட்டாசி முடிந்து வீட்டில் எல்லோரும் கோழி அடித்த அன்றைக்கு, எனக்குத் திரும்பிப் போக மனமில்லை.

என் மாமியார் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. "தயிரு ஊத்தாம என்ன சோறு அது? சீக்காளியாட்டம்" என்று வருத்தப்பட்டார். அவர் சமைத்ததை நான் ஒதுக்குகிறேன் என்று நினைத்துவிட்டார். அது எனக்கு வலித்தது. அதனால் வாதம் பண்ணுவதை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். இந்தப் பதிவில் நான் ஆசையாக எழுதுகிற பகுதி இதுதான்.

நிலக்கடலைத் தயிர். எங்கள் பக்கம் கடலைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு டம்ளர் பச்சைக் கடலைப் பருப்பை இரவு ஊற வைத்து, காலையில் தோலைப் பிசைந்து கழுவி எடுத்துவிடுங்கள். தோல் இருந்தால் துவர்க்கும், நிறமும் மங்கும். வெண்ணெய் மாதிரி அரைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு வெள்ளைத் துணியில் பிழியுங்கள். பிழிந்த சக்கையைக் கீழே கொட்டாதீர்கள், அடைமாவில் சேர்க்கலாம். பாலைச் சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். அடிப்பிடித்தால் வாசனை கெட்டுவிடும். விரல் வைத்தால் இதமாகச் சுடுகிற பக்குவத்துக்கு ஆறியதும், பத்துப் பன்னிரண்டு மிளகாய்க் காம்பைக் கழுவிப் போட்டு மூடி வைத்துவிடுங்கள். காம்பில் இருக்கிற நுண்ணுயிரே உறை ஊற்றும். முதல் தடவை தளதளவென்றுதான் இருக்கும், கொஞ்சம் கடலை வாசமும் அடிக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். மூன்றாம் தடவை வந்த தயிரில் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துச் சோறு பிசைந்து, மாங்காய் ஊறுகாயோடு அத்தைக்கு வைத்தேன். சாப்பிட்டு முடித்து, "கடலையிலயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு டம்ளர் கடலையை அவரே ஊற வைத்திருந்தார்.

பாதாம் பால் டப்பா கடையில் இருநூறு, முந்நூறு ரூபாய் விற்கிறது. அதைப் பார்த்துத்தான் இது காசு இருப்பவர்கள் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த டப்பா தேவைப்பட்டதே இல்லை. நூறு கிராம் கடலையில் அரை லிட்டர் பால் வரும். பாக்கெட் பாலைவிடச் செலவு குறைவு.

நம் அடுப்படியை ஒரு தடவை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். அரிசிம்பருப்புச் சோற்றுக்குக் கடைசியில் ஊற்றும் நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். சந்தகைக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும், அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு கடைசல், ராகிக் களி, கீரை, உளுந்தங்களியில் குழித்து ஊற்றுகிற நல்லெண்ணெய், எள்ளுருண்டை, கச்சாயம், சுக்குமல்லிக் காப்பி. இவற்றுக்கு யாரும் புதுப் பெயர் வைக்க வேண்டியதில்லை. இட்லி, தோசை, சாம்பார், ரசத்துக்கும் மாடு தேவையில்லை. நான் விட்டதை விரல் விட்டு எண்ணலாம். மீதி அப்படியே இருக்கிறது.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வாய் என்பது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே அளவு பசும்பாலில் 120 சுமார். எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். நம் பாட்டிகள் வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் எள்ளும் கொடுத்தது வீணாக இல்லை.

பி12 பற்றி மட்டும் உங்களிடம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் அதில் நான் தவறு செய்தேன். நான் லேப் டெக்னீசியன். தினமும் பி12 டெஸ்ட் ரிசல்ட் டைப் செய்கிறவள். மாத்திரை போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். கல்லீரலில் இருக்கிற சேமிப்பு கொஞ்ச காலத்துக்குத் தாங்கும், அதனால் உடனே ஒன்றும் தெரியாது. 2019 ஏப்ரலில் பாதம் மதமதவென்று ஆனது. ஊசி குத்த நரம்பு தேடும்போது விரல் நுனியில் உணர்ச்சி மங்குவது தெரிந்து பயந்துவிட்டேன். என் ரத்தத்தை நானே எடுத்து மெஷினில் வைத்தேன். 132. எங்கள் லேப் கணக்கில் 200-க்குக் கீழே போனாலே குறைவு. டாக்டர் ஊசியும் பிறகு மாத்திரையும் எழுதினார். மூன்று மாதத்தில் சரியானது. பி12-ஐச் செடியும் செய்வதில்லை, மாடும் தானாகச் செய்வதில்லை. நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன, மாட்டின் வயிற்றில் இருக்கிறவை மாட்டுக்குக் கொடுக்கின்றன. நமக்கு மாத்திரை. நனிசைவம் தொடங்குகிற அன்றைக்கே அதையும் தொடங்குங்கள். கர்ப்பிணியாக இருந்தாலோ குழந்தைக்குக் கொடுக்க நினைத்தாலோ டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இயற்கையிலேயே எல்லாம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பால் குடிக்கிறவர்களுக்கும் பி12 குறைவாக வருகிற ரிப்போர்ட்டை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

நிறைய மருந்துக் கேப்ஸ்யூலின் உறை மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுக்கிற ஜெலட்டின். மாத்திரையாகக் கிடைத்தால் மாத்திரை வாங்குவேன். கிடைக்காவிட்டால் கேப்ஸ்யூலை முழுங்கிவிடுவேன். முடிந்த மட்டும் என்பதுதான் இதன் அளவுகோல். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும் வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது அவர்களும் ஏற்கனவே கறி சாப்பிடாதவர்கள்தான். பாலும் முட்டையும் ஏன் கூடாது என்ற கேள்விதான் அவர்களைத் தனியாகப் பிரித்தது. அந்த ஊர் கொட்டகையிலும் காளைக்கன்று பிறந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தவிர்க்கவே முடியாது. நனிசைவம் என்ற சொல்லில் சைவம் இருப்பதால், சைவத்தை ஜாதி உயர்வாகப் பேசுகிறவர்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் என் தோழிக்கு, கறி சாப்பிடுவாள் என்பதற்காக வீடு கொடுக்காமல் திருப்பி அனுப்பியபோது நானும் கூட இருந்தேன். அந்த வீட்டுக்காரர் நெய் ஊற்றிச் சாப்பிடுவார், பட்டு உடுத்துவார். என் தட்டு என் தோழியின் தட்டைவிடச் சுத்தம் என்று நான் நினைத்தால் எனக்கு நல்ல கதி இல்லை. இது தீட்டைப் பற்றியது அல்ல, கன்றைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு போடுகிற முட்டையை நிறுத்தச் சொல்கிற குரலோடும் நான் சேர மாட்டேன். அந்த ஒரு முட்டைதான் பல பிள்ளைகளுக்கு அன்றைய புரதம். அதற்கு ஈடாகச் சுண்டலும் கடலையும் அதே அளவுக்கு முதலில் தட்டில் வரட்டும், பிறகு பேசலாம். என் வீட்டில் வசதி இருக்கிறது, நான் விட்டேன். முட்டைக்கோழிப் பண்ணைக்கான குஞ்சு பொரிக்கும் இடங்களில் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். காளைக்கன்றின் கதைதான் அதுவும், சில வாரம் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது.

பட்டைப் பற்றியும் இரண்டு வரி. கோபி பட்டுக்கூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். எங்கள் சித்தப்பா தோட்டத்திலேயே மல்பெரி உண்டு. கூட்டைத் துளைத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துவிடும் என்று, உள்ளே இருக்கும்போதே வெப்பத்தில் கொன்றுவிடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கூடு வேண்டும். என் கல்யாணச் சேலையை வைத்திருக்கிறேன், புதிதாக வாங்குவதில்லை. தங்கை மகள் சீருக்கு நெகமம் கைத்தறிப் பருத்தி கட்டிக்கொண்டு போனேன். நான்கு பேர் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள்.

பழனியில்தான் எனக்கு மனது சங்கடப்படும். பாதயாத்திரை போவதை நான் விடவில்லை. பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன். வீட்டில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, ஏலக்காய் மட்டும் பிசைந்து முருகனுக்கு வைக்கிறேன். அவன் ஏற்றுக்கொள்வான் என்று முழுக்க நம்புகிறேன்.

என் கணவர் வீட்டில் பால் குடிப்பதில்லை, வெளியே ஒரு டீ குடிப்பார். மகள் தோழிகளோடு போனால் ஐஸ்க்ரீம் சாப்பிடுவாள், வந்து என்னிடம் சொல்லிவிடுவாள். அவர்களை நான் துரத்துவதில்லை. உங்களையும் துரத்தப் போவதில்லை. உங்களிடம் நான் கேட்பது, வருகிற புரட்டாசி. கறியை எப்படியும் நிறுத்தப் போகிறீர்கள். பாலையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். புரட்டாசி உங்கள் வீட்டில் இல்லையென்றால் உங்களுக்குப் பழக்கமான எந்த நோன்பு மாதமும் சரி. அதுவும் முடியாவிட்டால் காலை டீயை மட்டும் சுக்குமல்லிக் காப்பியாக மாற்றுங்கள். கடலைத் தயிர் சரியாக வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், எந்த இடத்தில் தவறியது என்று சேர்ந்து பார்ப்போம்.

அம்மா வீட்டில் கடைசியாக இருந்த மாடு செவலை. 2019 ஆடியில் ஒரு காளைக்கன்று போட்டது. இருபதாம் நாள் வண்டிக்காரர் வந்தார். நான் போனில் இருந்தேன். "மாசம் ரெண்டாயிரத்தஞ்சூறு அனுப்பறேன், தீவனத்துக்கு. குடுக்காதேம்மா" என்றேன். அம்மா பேசாமல் இருந்தாள். பிறகு வண்டிக்காரரிடம் சொல்வது கேட்டது: "இந்தக் கன்னு இல்லீங்க. போயிட்டு வாங்க."

அன்றைக்கு ராத்திரி செவலை கத்தவில்லை என்று மறுநாள் அம்மாதான் சொன்னாள், நான் கேட்காமலே.

அதற்குப் பிறகு செவலைக்கு ஊசி போடவில்லை. பால் வற்றியது. சொசைட்டி அட்டை பீரோவில் இருக்கிறது. அம்மாவுக்கும் முழங்கால் போய்விட்டது, விடிகாலையில் எழுந்து கறக்கிற வேலை நின்றதில் அவளுக்கு நிம்மதிதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். எல்லோராலும் இப்படி மாட்டைச் சும்மா வைத்துப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். எங்களுக்கும் பருத்திக்கொட்டை விலை ஏறும்போது கணக்கு இடிக்கிறது. கன்றுக்குச் சின்னான் என்று பெயர். கால்நடை ஆஸ்பத்திரியில் காயடித்து, இப்போது தாயைவிட ஒரு சாண் உயரம். வேலை எதுவும் தெரியாது. சாணி மஞ்சக்காட்டுக்குப் போகிறது. அம்மா அவனைத் திட்டிக்கொண்டே கழுத்தைச் சொறிந்து கொடுப்பாள், அவன் தலையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வான்.

இந்தப் பட்டிப் பொங்கலுக்கு நம்பியூர் கடையில் கயிறு வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு கட்டையும் எடுத்து முன்னால் போட்டார். "கன்னுக்குங்களா, மாட்டுக்குங்களா?"

"காளைக்குங்க. பெருசாக் குடுங்க" என்றேன்.